மிஸ்டரி ஷாப்பிங்: சாப்பாடு கிடைக்கிறது, கையில் காசு நிற்கவில்லையே?

கேள்வி: வணக்கம் மேடம். வேலை முடிந்த நேரத்தில் ஃபாஸ்ட் கேஷுவல் உணவகங்களில் மிஸ்டரி ஷாப்பிங் செய்கிறேன், அதாவது ஒரு நிறுவனத்துக்காகச் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய்ச் சாப்பிட்டு, சேவை எப்படி இருந்தது என்று அறிக்கை எழுதிக் கொடுக்கும் வேலை. சாப்பிட்ட பணத்தைத் திருப்பித் தருகிறார்கள், அதற்கு மேல் கொஞ்சம் கட்டணமும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் போடுவதால் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு அறிக்கைகளை நிராகரித்தும் விட்டார்கள். ஒன்றில் சொன்ன நேரத்துக்கு வெளியே போய்விட்டேனாம், இன்னொன்றில் வாங்கச் சொன்ன ஒரு பொருள் ரசீதில் இல்லையாம். மாதம் பதினைந்து வேலை என்று கூட்டிக்கொண்டால் கார்டு கடனை அடைத்துவிட முடியுமா? இதில் தேறுவதற்கு என்ன வழி?

பதில்: இப்போது செய்கிற மாதிரியே செய்து எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் கடன் அடையாது, வளரும். ஏன் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், அப்புறம் உணவகத்துக்குள் போகலாம்.

ஒரு சாப்பாட்டுக்கு 100 செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. திருப்பித் தருவதற்கு உச்சவரம்பு 90, கட்டணம் 50. ஆக 140 வருகிறது, 100 போகிறது, போக்குவரத்துக்கு 15 போனால் மிச்சம் 25. பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது பத்து வேலையில் இரண்டு நிராகரிக்கப்பட்டதாக வையுங்கள். எட்டு வேலையில் 200 வரவு. நிராகரிக்கப்பட்ட இரண்டில் கட்டணமும் இல்லை, சாப்பாட்டுப் பணமும் திரும்பாது, ஒவ்வொன்றுக்கும் 115 கைவிட்டுப் போகிறது, மொத்தம் 230. பத்து தடவை ஓடி, பத்து அறிக்கை எழுதி, கடைசியில் 30 நஷ்டம்! இந்த வேலையில் லாபம் என்பது எத்தனை இடம் போனீர்கள் என்பதில் இல்லை, எத்தனை அறிக்கை தேறியது என்பதில்தான் இருக்கிறது.

பத்து சாப்பாடு கிடைத்ததே என்பீர்கள். அன்றைக்கு எப்படியும் வெளியில் சாப்பிட்டிருப்பீர்கள் என்றால் அது மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் சாப்பிட்டிருக்க வேண்டிய நாளில் வேலைக்காகப் போய்ச் சாப்பிட்டதை 100 என்று வரவு வைக்காதீர்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவை மட்டும் வையுங்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். நிறுவனம் தரும் குறிப்புகளைப் படிக்க இருபது நிமிடம், போய்வர நாற்பது, உள்ளே நாற்பது, அறிக்கைக்கு ஒரு மணி நேரம். மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு 25. அந்த வேலைக்கென்றே தனியாகக் கிளம்பிப் போவதில் அர்த்தம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அலுவலகம் போகிற வழியில், மதியம் சாப்பிடும் நேரத்தில் வருகிற வேலையை மட்டும் எடுங்கள். மாதக் கடைசியில் யாரும் எடுக்காமல் கிடக்கும் வேலைகளுக்குப் பல நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தும், கொஞ்சம் காத்திருந்தால் அதே இடத்துக்குக் கூடுதலாகவே கிடைக்கலாம். ஆனால் ஒரே கிளைக்கு உடனே மறுபடி போக விட மாட்டார்கள், இடைவெளி வேண்டும் என்பார்கள். அதனால் வழியில் இருக்கிற நல்ல கிளையைக் குறைந்த கட்டணத்துக்கு அவசரப்பட்டு எடுத்துத் தீர்த்துவிட வேண்டாம்.

சரி, இப்போது உள்ளே போவோம்.

ஃபாஸ்ட் கேஷுவல் என்றால் கவுன்டரில் ஆர்டர் சொல்லி, பணம் கட்டி, எண்ணையோ பஸ்ஸரையோ வாங்கிக்கொண்டு மேஜையில் காத்திருக்கும் வகை, அல்லது வரிசையில் நகர்ந்துகொண்டே கண் முன்னால் தட்டை நிரப்பி வாங்கும் வகை. மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்கிற உணவகத்தில் கவனிக்க நிதானமாக நேரம் கிடைக்கும். இங்கே முக்கியமான பாதி விஷயங்கள் முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடிந்துவிடும், நீங்கள் மெனு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே. யார் வரவேற்றார், எத்தனை பேர் முன்னால் நின்றார்கள், கூட ஏதாவது வாங்கச் சொல்லி ஊழியர் கேட்டாரா, ஆர்டரைத் திருப்பிச் சொன்னாரா. என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிட்டுப் போனால்தான் கவனிப்பதற்குக் கண்ணும் காதும் மிச்சமிருக்கும்.

உங்கள் இரண்டு நிராகரிப்புக்கும் காரணமான தவறு உள்ளே போவதற்கு முன்பே, குறிப்புகளைப் படிப்பதிலேயே ஆரம்பித்துவிட்டது. குறிப்புகளை முந்தின இரவு ஒரு தடவை, வாசலில் நின்று ஒரு தடவை படியுங்கள். அவற்றில் ஐந்து விஷயங்களைத் தனியாக ஒரு துண்டுச் சீட்டிலோ போனிலோ எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள், கட்டாயம் வாங்க வேண்டியவை, அங்கேயே சாப்பிடுவதா பார்சலா, உச்சவரம்பு வரியையும் சேர்த்தா இல்லையா, தள்ளுபடிக் கூப்பனோ லாயல்டி புள்ளியோ பயன்படுத்தலாமா கூடாதா. மதிய நெரிசலைப் பார்க்கச் சொல்லியிருந்தால் ரசீதில் அச்சாகும் நேரம் அந்த நேரத்துக்குள் இருக்க வேண்டும், நீங்கள் கதவைத் திறந்த நேரத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வரிசை நீளமாக இருக்கும் என்றால் அதற்கேற்ப முன்னாடியே போய்விடுங்கள்.

ரசீதைக் கையில் வாங்கியதும், கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் ஒரு பார்வை. எல்லாப் பொருளும் இருக்கிறதா, கிளையின் பெயரும் தேதியும் படிக்கிற மாதிரி இருக்கிறதா? பொருள் விட்டுப்போயிருந்தால் அப்போதே சேர்த்து வாங்கி, இரண்டாவது ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் படம் எடுத்துவிடுங்கள், அந்த வெப்பத் தாள் பர்ஸில் கிடந்தால் மங்கிவிடும். ரசீதில் அச்சாகியிருக்கும் ஊழியர் பெயரை அப்படியே நம்பி எழுதாதீர்கள். ஒருவர் திறந்து வைத்த இயந்திரத்தில் இன்னொருவர் பில் போடுவது எங்கும் நடப்பதுதான். பெயர்ப்பட்டையைப் பார்த்து எழுதுங்கள், பட்டை இல்லையென்றால் உயரம், முடி, கண்ணாடி என்று எளிமையாக அடையாளம் சொல்லுங்கள், உடம்பைக் கேலி செய்வது போன்ற வார்த்தை வேண்டாம்.

நேரம் குறிப்பதற்கு ஸ்டாப்வாட்சை மேஜை மேல் வைத்தால் காட்டிக் கொடுத்துவிடும். உங்களுக்கே ஒரு மெசேஜ் அனுப்பிக்கொள்ளுங்கள்: வரிசையில் நின்றதும் ஒரு எழுத்து, கவுன்டருக்கு வந்ததும் ஒன்று, பணம் கட்டியதும் ஒன்று, தட்டு கைக்கு வந்ததும் ஒன்று. நேரம் தானாகப் பதிவாகிவிடும், பார்க்கிறவர்களுக்கு நீங்கள் போனை நோண்டும் இன்னொரு ஆள், அவ்வளவுதான். எதிலிருந்து எதுவரை நேரம் கணக்கிட வேண்டும் என்பது ஒவ்வொரு வேலைக்கும் மாறும், ஆர்டர் சொல்ல ஆரம்பித்ததிலிருந்தா, பணம் கட்டியதிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைப் பார்க்கச் சொல்வார்கள். உணவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுந்து போனால் எண்ணைக் கூப்பிட்டது எப்போது என்று தெரியாமல் போய்விடும், முக்கியமான கேள்வியே போச்சு. சாப்பிட்ட பிறகு போங்கள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு குறிப்பு எழுதலாம், வேறெங்கும் அந்தத் தனிமை கிடைக்காது. சாப்பாட்டைப் படம் எடுப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, எல்லோரும் எடுக்கிறார்கள். தட்டைத் தொடுவதற்கு முன்னால் எடுங்கள். ஏதாவது மாற்றிக் கேட்கச் சொல்லியிருந்தால், உதாரணத்துக்கு சாஸ் தனியாக என்று, அது நடந்ததா என்பது படத்தில் தெரிய வேண்டும். குளிர்பான இயந்திரத்தின் தட்டு, மூடிகள் வைத்திருக்கும் இடம், குப்பைத் தொட்டி வழிகிறதா, காலியான மேஜைகளில் எத்தனை துடைக்காமல் கிடக்கின்றன, இவற்றையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி மேஜையைத் தேர்ந்தெடுங்கள். சோதனை அதிகாரி மாதிரி சுற்றி நடந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கட்டாயப் பொருள் தீர்ந்துவிட்டது, கிளையே பூட்டிக் கிடக்கிறது என்றால் நீங்களாக மாற்று வாங்காதீர்கள். வெளியே வந்து வேலையை ஒதுக்கித் தந்தவரைத் தொடர்புகொண்டு கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அறிக்கையை அன்றைக்கே எழுதிவிடுங்கள், பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம்தான் கெடு இருக்கும். அறிக்கையைச் சரிபார்க்கும் எடிட்டர் உங்கள் கருத்தைக் கேட்கவில்லை, பார்த்ததைக் கேட்கிறார். “ஊழியர் அக்கறையில்லாமல் இருந்தார்” என்று எழுதினால் திரும்பி வரும். “என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, திரையைப் பார்த்தபடியே ‘அடுத்து?’ என்றார்” என்று எழுதினால் நிற்கும். அதே போல மேஜை சுத்தமா என்பதற்கு ஆம் என்று தட்டிவிட்டு, கீழே விளக்கத்தில் மேஜை பிசுபிசுப்பாக இருந்தது என்று எழுதினால் முரண்பாடு, அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பையன் பாவம், மார்க் குறைந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்கிற இரக்கம் எனக்கும் புரிகிறது, ஆனாலும் நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. அவர் நன்றாகச் செய்ததையும் விடாமல் எழுதுங்கள்.

இனி கார்டு விஷயம். பணம் பெரும்பாலும் அடுத்த மாதமோ அதற்கு அடுத்த மாதமோதான் வரும். பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களுக்குப் பொதுவாக வட்டியில்லாக் காலம் கிடையாது, புதிதாக வாங்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த 25 மிச்சத்தில் ஒரு பங்கை வங்கி எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஆகவே கார்டை நிறுத்துங்கள். வெளியில் சாப்பிடுவதற்கென்று மாதம் எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, டெபிட் கார்டில் செலவழியுங்கள். வர வேண்டிய பாக்கி அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால், பணம் வரும் வரை புது வேலை எடுக்க வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, நிறுவனம், செலவு, வர வேண்டியது, வந்த நாள் என்று எழுதி வாருங்கள். கட்டணம் வருமானம்தான், வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும், அதற்கும் இந்த நோட்டு உதவும்.

வேலை தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். எம்எஸ்பிஏ என்கிற இந்தத் துறையின் சங்கமும் சேருவதற்குக் காசு கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கத்தான் சொல்கிறது. இதைவிட மோசமானது காசோலை மோசடி, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைப் பற்றிப் பல வருடங்களாக எச்சரித்து வருகிறது. ஒரு பெரிய காசோலை அனுப்புவார்கள், கணக்கில் போட்டு, கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, மீதியில் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு என்பார்கள். கணக்கில் பணம் ஏறியதாகத் தெரியும். சில நாளோ சில வாரமோ கழித்து அது போலி என்று வங்கி சொல்லும்போது முழுத் தொகையும் உங்கள் தலையில். கடனில் இருப்பவர்கள் இதில் சுலபமாக விழுகிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

நிராகரிக்கப்பட்ட இரண்டில், நேரம் தவறியதை விட்டுவிடுங்கள். பொருள் விட்டுப்போனதற்கு மட்டும் எடிட்டருக்கு ஒரு மரியாதையான மெயில் போட்டு, கட்டணம் வேண்டாம், சாப்பாட்டுப் பணத்தையாவது பரிசீலிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் தருகிறார்கள்.

அடுத்த மூன்று மாதம், மாதத்துக்கு நான்கு வேலை போதும். திரும்பி வருகிற சாப்பாட்டுப் பணம் அடுத்த வேலைக்கான முதலீடு, அது தனிக் கணக்கிலேயே இருக்கட்டும். கட்டணம் வந்த அன்றே கார்டுக்குப் போகட்டும். ஒன்றுகூட நிராகரிக்கப்படாமல் மூன்று மாதம் ஓடினால் ஆறாக ஏற்றலாம். பதினைந்தைப் பற்றி, கார்டு பாக்கி பூஜ்யத்துக்கு வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.