சிறு நிறுவனம் ஒன்று கடற்படைக்கான தொழில்நுட்பத்தை ஆராய்ந்து உருவாக்க முடியுமா? அரசு உதவி கிடைக்குமா?

பதினைந்து, இருபது பேர் மட்டுமே பணிபுரியும் ஒரு நிறுவனம் இந்தியக் கடற்படைக்கான கருவியைத் தானே ஆராய்ந்து உருவாக்க முடியுமா, அதற்கு அரசு பணம் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்கும். கடலில் பயன்படும் மின்னணுக் கருவிகளுக்கு நீர்புகாப் பெட்டிகளை வடிவமைக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன் என்பதால், இந்தப் பாதையை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கான பணத்தைப் பெறுவது இன்று முன்பு இருந்த அளவுக்குக் கடினமில்லை. முன்மாதிரி வேலை செய்த நாளுக்கும் முதல் கொள்முதல் ஆணை வரும் நாளுக்கும் நடுவிலுள்ள காலத்தைத் தாண்டுவதுதான் கடினம்; உங்கள் திட்டத்தை அந்தக் காலத்தை மனத்தில் வைத்தே வகுக்க வேண்டும்.

முதலில் பணம். 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில், பாதுகாப்புத் துறைக்கான புதுமைகளை ஊக்குவிக்கும் ஐடெக்ஸ் (iDEX) என்ற மத்திய அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. முப்படைகளும் தங்களுக்குத் தீர்வு வேண்டிய சிக்கல்களைச் சவால்களாக வெளியிடுகின்றன. பதிவுபெற்ற ஸ்டார்ட்அப், எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்), தனிப்பட்ட கண்டுபிடிப்பாளர் என யாரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ரூ.1.5 கோடி வரை மானியம் உண்டு. பெரிய திட்டங்களுக்கான ஐடெக்ஸ் பிரைம் பிரிவில் ரூ.10 கோடி வரையிலும், 2024-இல் வந்த அதிதி திட்டத்தில் ரூ.25 கோடி வரையிலும் தருகிறார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி தனி வழி; அதன் உச்சவரம்பு 2022-இல் ரூ.10 கோடியிலிருந்து ரூ.50 கோடியாக உயர்ந்தது.

கடற்படை இதில் மற்றப் படைகளைவிட ஆர்வமாக இருக்கிறது என்பது என் கணிப்பு. புதுமைக்கும் உள்நாட்டுமயமாக்கலுக்கும் என்றே 2020 ஆகஸ்டில் ஓர் அமைப்பை உருவாக்கியது. 2022 ஜூலையில் ஸ்பிரிண்ட் என்ற பெயரில் 75 உள்நாட்டுத் தொழில்நுட்பங்களை இலக்காக அறிவித்தது. ஆளில்லாமல் கூட்டமாகச் செல்லும் ஆயுதப் படகுகளுக்கான ஸ்பிரிண்ட் ஒப்பந்தம் சாகர் டிஃபென்ஸ் இன்ஜினியரிங் என்ற இளம் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதே நிறுவனத்தின் மாதங்கி என்ற தானியங்கிப் படகுதான் 2024-இல் மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கடற்பயணத்துக்கு அனுப்பப்பட்டது. இத்தகைய வேலை பெரிய கப்பல் கட்டும் தளங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது தக்க பதிலாக அமைந்தது.

இனி கடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரையில் நன்றாக வேலை செய்யும் கருவியைக் கப்பலில் பொருத்திவிடலாம் என்ற நினைப்பில்தான் பல விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன. எடை குறையட்டும் என்று அலுமினியத்தில் பெட்டி செய்து, மூடியைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் இறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் பட்டவுடன் அந்த இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலம்போல் செயல்படத் தொடங்குகின்றன. எஃகு அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கப்படுகிறது. முதலில் திருகின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். பிறகு மரைகள் இறுகித் திருகைக் கழற்றவே முடியாமல் போகும். அதற்குள், நீர்க்கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் வழவழப்பான பரப்பில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் விழுந்திருக்கும். அங்கிருந்துதான் நீர் உள்ளே புகும். உலோகங்கள் ஒன்றையொன்று தொடாதபடி மின்காப்பு வளையம் போடுவது, அலுமினியத்தின்மேல் காப்பு ஆக்சைடு படலம் உருவாக்குவது (அனோடைஸ் செய்வது), நீருக்குள் மூழ்கும் பகுதிக்கு டைட்டானியத்தையோ நிக்கல் அலுமினிய வெண்கலத்தையோ பயன்படுத்துவது என்று தீர்வுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எடையையும் விலையையும் மாற்றும் என்பதால், முடிவை வரைபட நிலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஆழம் இன்னொரு கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடியின்மேல் 100 மீட்டர் ஆழத்தில் மூன்று டன்னுக்கும் அதிகமான விசை அழுத்தும். வானொலி அலைகள் கடல்நீரில் தொலைவு செல்லாததால், நீருக்கடியில் செய்தி அனுப்புவதற்கு ஒலியைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது; அது சுமக்கும் தகவலும் மிகக் குறைவு.

இவற்றையெல்லாம் தாங்கும் என்று சொன்னால் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். ராணுவ மின்னணுக் கருவிகளுக்கான ஜேஎஸ்எஸ் 55555 தரநிலையின்படி அதிர்வு, அதிர்ச்சி, வெப்பம், ஈரப்பதம், உப்புத் தெளிப்பு என்று சோதனைகள் வரிசையாக வரும். போர்க்கப்பலில் ரேடார்களும் தகவல்தொடர்புக் கருவிகளும் நெருக்கியடித்து நிற்பதால், உங்கள் கருவி மற்றவற்றுக்கு மின்காந்த இடையூறு தராமலும் அவற்றால் தடுமாறாமலும் இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். சோதனைக்கூடத்தில் இடம் கிடைப்பது, தோற்றால் திருத்திக்கொண்டு திரும்ப வருவது, அதற்கான கட்டணம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே செலவுத் திட்டத்தில் எழுதிவையுங்கள். வடிவமைப்புக்கு ஒதுக்கும் காலத்தைவிடச் சோதனைக்கு ஒதுக்கும் காலம் குறைவாக இருக்கும் திட்டத்தை நான் நம்புவதில்லை. சோதனை வசதிகளை அமைக்க மத்திய அரசு 2020-இல் ரூ.400 கோடியில் ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலும் அதன்கீழ் பணிகள் நடக்கின்றன.

ஐடெக்ஸ் மானியத்தைப் பற்றி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அது ஈடுமானியம் என்பதே. செலவில் ஒரு பாதியை நீங்கள் போட வேண்டும். அரசின் பங்கும் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டிய பிறகுதான் தவணையாக வரும். ஆகவே பணம் வருமுன் சம்பளம் கொடுக்கக் கையில் இருப்பு வேண்டும். முன்மாதிரி வெற்றி பெற்றாலும், கடற்படையின் பயன்பாட்டுச் சோதனை, பாதுகாப்புக் கொள்முதல் குழுவின் தேவை ஏற்பு (இந்தப் பொருள் படைக்குத் தேவை என்ற முறையான ஒப்புதல்), விலைப் பேச்சு என்று படிகள் தொடரும். 2022-இல் ஐடெக்ஸ் பொருள்களுக்கான நடைமுறையை எளிமையாக்கி, தேவை ஏற்பிலிருந்து ஒப்பந்தம் வரையிலான காலத்தைச் சுமார் 22 வாரங்களாகக் குறைத்தார்கள். நல்ல மாற்றம்தான், என்றாலும் தேவை ஏற்புக்கு முந்தைய காத்திருப்பு அந்தக் கணக்கில் இல்லை.

இதனால்தான், படைக்கு வெளியிலும் விற்கக்கூடிய தொழில்நுட்பத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். சென்னை ஐஐடியில் உருவான பிளானிஸ், கொச்சியின் ஐரோவ் ஆகிய இரு நிறுவனங்களும் நீரடி ஆய்வு ரோபோக்களைச் செய்கின்றன. அணை, துறைமுகம், பாலத்தின் அடித்தூண் ஆகியவற்றை ஆராய உதவும் ரோபோவே கப்பலின் அடிப்பகுதியையும் பார்க்கவல்லது. அப்படிப்பட்ட ஒரு பொருள் கையில் இருந்தால், ஒரே வாடிக்கையாளரின் முடிவுக்காக நிறுவனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

சவாலைத் தேர்ந்தெடுக்கும்போது அறிவிப்பில் உள்ள சில வரிகளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கருவி எந்த வகைக் கப்பலில், எந்த இடத்தில் பொருத்தப்படும், யார் அதை இயக்குவார், கடலில் பழுதானால் எந்த உபகரணத்தைக் கொண்டு சரிசெய்வார் என்று கடற்படையின் பொறுப்பு அதிகாரியிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்; கடலில் பல ஆண்டுகள் இருந்தவர்கள் என்பதால் தங்களை வருத்திய பழுதுகளைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்கள்.

புதிய ஆராய்ச்சியில் நேரடியாக இறங்கத் தயக்கமாக இருந்தால், ஸ்ரீஜன் இணையதளத்தைப் பாருங்கள். இதுவரை இறக்குமதி செய்து வந்த பாகங்களைப் பாதுகாப்புத் துறை அங்கே பட்டியலிட்டு, உள்நாட்டில் செய்ய முன்வருபவர்களை அழைக்கிறது. 2022 செப்டம்பரில் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் உருவாக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்குப் பங்கு இருந்தது. ஒரு வால்வையோ இணைப்பானையோ கடற்படையின் தர ஆய்வைத் தாண்டிச் செய்துகொடுத்த நிறுவனம், அடுத்த ஐடெக்ஸ் சவாலுக்கு விண்ணப்பிக்கும்போது தேவையான ஆவணங்களையும், சோதனைக்கூடத் தொடர்புகளையும், கப்பலைப் பற்றிய நேரடி அறிவையும் ஏற்கெனவே பெற்றிருக்கும்.