ஒல்லி டயர், செம்மண் ரோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், ஏற்காடு மலைமேலிருந்து டயர் கேள்விகள் வரிசை கட்டிவிடும். இந்த முறை வந்ததில் பாதிப் பேர் டயர் அளவே எழுதவில்லை. அது டயரின் பக்கச் சுவரில், அதாவது சைடுவாலில், பெரிய எழுத்தில் இருக்கிறது. குனிந்து படித்து, அப்படியே எழுதி அனுப்புங்கள்.

“பிக்கப்புக்கு நல்ல ஆஃப் ரோடு டயர் ஒன்று சொல்லுங்கள். விலையும் வேண்டும்.” (சூரமங்கலம்)

எந்தப் பிக்கப்? ஃபோர் வீலா, டூ வீலா? ஏற்றுவது காபி மூட்டையா, கல்யாணச் சமையல் பாத்திரமா? மருந்துக் கடையில் போய் “நல்ல மாத்திரை ஒன்று கொடுங்கள்” என்று கேட்பீர்களா? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

“இசுசு வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன், 255/60 ஆர் 18. எஸ்டேட் ரோட்டில் இரண்டு வருடத்தில் மூன்று டயர் சைடுவால் கிழிந்தது, ஒரு அலாய் விரிசல் விட்டது. ஒல்லியாக மாற்ற வழி உண்டா?” (நாகலூர்)

உண்டு. கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும். உங்கள் டயர் 255 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 15 சென்டிமீட்டர்தான். கல் விளிம்பில் ஏறினால் நசுங்குவதற்கு ரப்பர் போதாமல் டிஸ்க், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரம், நேராக அடி வாங்குகிறது. 16 அங்குல டிஸ்க்குக்கு இறங்கி 245/75 ஆர் 16 போடுங்கள். சைடுவால் 18 சென்டிமீட்டருக்கு மேல் வந்துவிடும், மொத்த உயரம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடும். ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. மஹிந்திரா தார் ஜீப்புக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்பதால் தேடி அலையவும் வேண்டாம்.

235/85 ஆர் 16 இன்னும் ஒல்லி, எனக்கு மிகவும் பிடித்த அளவு. 265/75 ஆர் 16-க்கு உள்ள அதே 80 சென்டிமீட்டர் உயரம், அகலத்தில் 3 சென்டிமீட்டர் குறைவு. ஆனால் உங்கள் வண்டிக்கு உயரம் 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இப்போது இரண்டாம் கியரில் ஏறும் வளைவு அப்புறம் முதல் கியர் கேட்கும், மட்கார்டிலும் உரசும். ஆசைக்காக அந்த வேலை வேண்டாம்.

டிஸ்க் இரும்பிலேயே வாங்குங்கள். இரும்பு நெளிந்தால் சுத்தியலால் தட்டி வீடு வந்து சேரலாம். 6 போல்ட், அவை நிற்கும் வட்டம் 139.7 மில்லிமீட்டர் என்பதை மட்டும் பார்த்து வேறு வண்டியின் டிஸ்க்கைத் தூக்கி வராதீர்கள். நடு ஓட்டையும், டிஸ்க் எவ்வளவு உள்ளே வெளியே நிற்கிறது என்ற ஆஃப்செட் அளவும் பொருந்த வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் ஒன்றை முன் சக்கரத்தில் மாட்டிக் கையால் சுற்றி, பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். அளவு மாற்றியதை இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

“அடிவாரத்தில் 35 காற்று பிடித்துவிட்டு ஏற்காடு ஏறினால் மேலே கூடுமா, குறையுமா?” (கொண்டலாம்பட்டி)

இரண்டும் நடக்கும். சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒன்று, ஒன்றரையைத் தின்றுவிடும். கணக்கு நேராகிவிட்டது, விடுங்கள். காலையில் டயர் சூடேறும் முன் பார்ப்பதுதான் சரியான அளவு. சேற்றில் மாட்டினால் காலி வண்டிக்கு 20 வரை இறக்கலாம், பாரம் இருந்தால் கூடாது. திரும்ப அடிக்கப் பம்பு இல்லாதவர்கள் வால்வு மூடியையே தொடாதீர்கள்.

“பொலேரோ கேம்பருக்கு 12.5 அங்குல அகல டயரும் வெளியே வரும் டிஸ்க்கும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் எல்லாம் போட்டுவிட்டார்கள். எஸ்டேட் ரோட்டுக்குக் கிரிப் கூடும்தானே?” (அழகாபுரம்)

கூடாது. உங்கள் நண்பர்களின் வண்டி சேலம் ஐந்து ரோட்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். அங்கே எந்த டயரும் ஓடும்.

எஸ்டேட் ரோட்டில் இறங்கி நின்று தடத்தைப் பாருங்கள். காலங்காலமாக 6 அங்குல அகல 6.00-16 டயர் போட்ட ஜீப்புகள் அறுத்த தடம் அது, ஒரு சாண் அகலத்துக்கு மேல் இருக்காது. உங்கள் டயர் 30 சென்டிமீட்டருக்கு மேல். அது தடத்துக்குள் இறங்காது. ஒரு ஓரம் மேட்டில் ஏறி நிற்கும், மறு ஓரம் பள்ளத்தில் தொங்கும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

அடுத்தது சேறு. நம் மலையில் மழைக்காலச் செம்மண் பல இடங்களில் மேலே நாலு விரல் கட்டைக்குத்தான் களி, அடியில் கெட்டித் தரை. ஒல்லி டயர் களியை அறுத்துக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். அகல டயர் களியின் மேலேயே மிதந்து வழுக்கும். “அகலம் என்றால் தரையில் படும் இடம் அதிகம்” என்று ஒரு கதை எல்லாக் கடையிலும் ஓடுகிறது. படும் இடத்தின் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது பாரமும் காற்றும்தான். பாரமும் காற்றும் ஒன்றாக இருந்தால் அகல டயரில் அந்த இடம் குறுக்காக இருக்கும், ஒல்லியில் நீளவாக்கில் இருக்கும். மணலில் மிதக்க வேண்டும் என்றால் அகலத்துக்கு ஒரு நியாயம் உண்டு. சேர்வராயன் மலையில் எங்கே இருக்கிறது கடற்கரை?

வெளியே தள்ளிய டிஸ்க்கைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். நானும் ஒரு காலத்தில் அந்தத் தப்பைச் செய்தவன். பழைய ஜீப்புக்கு அகல டயர், பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர் வெளியே நிற்கும் டிஸ்க். கடைக்காரர் “ராஜா மாதிரி இருக்கு சார்” என்றார். நான்காவது மாதம், கொட்டச்சேடு பக்கம் ஒரு இறக்கத்தில் முன் வலது சக்கரத்திலிருந்து மாவு மில் மாதிரி ஒரு சத்தம். ஹப்பைக் கழற்றினால் பேரிங் நீலம் பாய்ந்து கிடக்கிறது, கிரீஸ் கருகிப்போயிருந்தது. சக்கரம் வெளியே போகப் போக நெம்புகோல் நீளுகிறது, பேரிங்கும் பால் ஜாயிண்டும் அதைத் தாங்குகின்றன. ஸ்டீயரிங்கின் முழு ஒடிப்பில் டயர் உரசும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முழு ஒடிப்பு. மீதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயரைக் கண்டுபிடிக்க அதிகாரிக்குக் கண்ணாடி கூட வேண்டாம்.

“பிக்கப்பில் வந்த 7.00 ஆர் 15-ஐ எடுத்துவிட்டுக் கார் டயர் பி235/75 ஆர் 15 போட்டால் குலுங்காதாமே?” (வாழப்பாடி)

குலுங்காது, வெடிக்கும். அந்த டயரில் பெரும்பாலும் 105 என்ற எண் இருக்கும், 925 கிலோ என்று அர்த்தம். முன்னால் ‘பி’ எழுத்து உள்ள கார் டயரைச் சரக்கு வண்டிக்குப் போட்டால் 1.1-ஆல் வகுக்க வேண்டும். 840 கிலோ, பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 1700 கூட இல்லை. ஒன்றரை டன் மரவள்ளிக்கிழங்கு ஏற்றினால், வண்டியின் சொந்தக் கனத்தையும் சேர்த்துப் பின் அச்சில் அதைத் தாண்டிவிடும். சிறு சரக்கு வண்டிக்கான எல்.டி. டயரே போடுங்கள். சைடுவாலைப் படியுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

“ஃபோர் வீல் வண்டி. செலவு மிச்சம் என்று பின்னால் மட்டும் சேற்றுக்கான எம்.டி. டயர் போடலாமா?” (மஞ்சக்குட்டை)

வேண்டாம். முன் பின் டயரின் சுற்றளவு வேறுபட்டால், ஃபோர் வீல் போட்டதும் கியர்பெட்டியும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். தவிர, நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி தார் ரோடு. எம்.டி.யின் பெரிய கட்டைப் பட்டன் மழை நேரத்துத் தாரில் பிடிக்காது. நான்கும் எல்லா ரோட்டுக்குமான ஏ.டி. போடுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவு.

“முன் சக்கரத்துக்கு ரீட்ரெட், அதாவது பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது, போடலாமா?” (ஓமலூர்)

மலை இறங்கும் வண்டிக்குக் கூடாது.

“ஓடாத புது டயர், பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?” (அயோத்தியாப்பட்டணம்)

சைடுவாலில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் கிடந்த ரப்பர் ஓடாமலே கிழடாகியிருக்கும். பாதி விலைக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

“டிஸ்க் ஓரம் நெளிந்து காற்று இறங்குகிறது. டியூப்லெஸ்ஸுக்குள் டியூப் போட்டுவிடலாம் என்கிறார் பஞ்சர் கடைக்காரர்.” (செம்மடுவு)

சேலம் வந்து சேர ஒரு நாள் சரி. நிரந்தரமாக வேண்டாம். டயரின் உள்பக்கம் டியூபை உரசிச் சூடாக்கும், கிழிந்தால் காற்று ஒரே நொடியில் போய்விடும். டிஸ்க்கைத் தட்டி நேராக்குங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள்.

“தாத்தா வாங்கிய ஜீப், 6.00-16 டயர். எல்லாம் மொட்டையாகிவிட்டது. அகல டிஸ்க்குக்கு மாறும் நேரம் வந்துவிட்டதா?” (வெள்ளக்கடை)

தயவுசெய்து மாறாதீர்கள். உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதே அளவில் ஜீப் பட்டன் டயர் கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: “6.00-16” என்று மட்டும் சொன்னால் பல கடைகளில் டிராக்டர் முன் டயரை எடுத்து நீட்டுவார்கள், அதுவும் அதே அளவுதான். சுற்றி மூன்று வரப்பு மட்டும் ஓடும், பட்டன் இருக்காது. வயலில் மெதுவாக உருள்வதற்குச் செய்தது, மலை ரோட்டு வேகத்துக்கு இல்லை. சைடுவாலைக் குனிந்து படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். நான்கு போதாது, ஐந்து வாங்குங்கள்.