மீன் தொட்டியின் பம்ப் ஒயர்களைக் கேபினெட்டுக்குள் மறைப்பது எப்படி? பிளக்கை வெட்டிவிட்டுச் சிறிய துளை வழியாக இழுக்கலாமா?

பிளக்கை வெட்டாதீர்கள், துளையைப் பெரிதாக்குங்கள். கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இதுதான் என் பதில். மூன்றடித் தொட்டி, கீழே கதவு வைத்த கேபினெட், அதற்குள் கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டியோடு குழாய்களால் இணைந்த வடிகட்டி டப்பா) காற்று பம்பும், தொட்டி நீருக்குள் மூழ்கும் பம்பும் ஹீட்டரும், மேலே விளக்கும், பின்பக்கம் கொத்தாகத் தொங்கும் ஒயர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெவ்வேறு அளவுத் தொட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒயருக்கு வழி போடும் முன் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று பாருங்கள். ஒயர் கண்ணுக்குத் தெரியாமல் போவது நல்லதுதான். ஆனால் நனைந்தாலும் நமக்குத் தெரியாத இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

கேபினெட்டைத் திறந்து, விளக்கடித்து, சற்று நேரம் உள்ளே பாருங்கள். தண்ணீர் உள்ளே வருவதற்குச் சில வழிகள்தான் உண்டு. கேனிஸ்டரைக் கழற்றும்போது குழாய் இணைப்பிலிருந்து சொட்டும். தண்ணீர் மாற்றும்போது விளிம்பில் தெறிப்பது பின்கண்ணாடி வழியாக இறங்கும். மின்சாரம் நின்றால் காற்றுக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பம்புக்குள் திரும்பி வரும். இவற்றைவிடச் சத்தமில்லாமல் வருவது ஒன்று உண்டு: ஒயர் மேலேயே வழிந்து வரும் தண்ணீர். பம்பின் ஒயர் நீருக்குள்ளிருந்து ஏறி, தொட்டியின் விளிம்பைத் தாண்டி, கீழே இறங்குகிறது. மூடியின் அடிப்பக்கம் படியும் ஆவித்துளிகளும் நீர்க்குமிழிகளின் தெறிப்பும் அந்த ஒயரை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும். விரலால் ஒயரை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். தண்ணீர் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒயரின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும்போது விரல் நுனி நனைந்திருக்கும். அந்தத் தாழ்ந்த இடம் பிளக்காக இருந்துவிடக் கூடாது.

எனவே ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒரு வளைவு எடுத்து, மறுபடி மேலேறித்தான் பிளக்குக்குப் போக வேண்டும். வளைவின் அடிப்பகுதி சாக்கெட்டைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தால் போதும், வழிந்து வரும் துளி அங்கேயே சொட்டிவிடும். ஆங்கிலத்தில் டிரிப் லூப் என்பார்கள், நான் சொட்டு வளைவு என்று சொல்வேன். ஒயர்களை அழகாகக் கட்ட நினைப்பவர்கள் முதலில் இழுத்துக் கட்டிவிடுவது இந்த வளைவைத்தான். வளைவு கொஞ்சம் தொளதொளவென்று தெரிந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் போர்டை ஒருபோதும் கேபினெட்டின் தரையில் போடாதீர்கள். எது கசிந்தாலும் முதலில் நனைவது தரைதான். பக்கவாட்டுப் பலகையின் மேல் பாதியில், கேனிஸ்டர் குழாய்கள் இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, திருகாணி போட்டு மாட்டுங்கள். இருபுறமும் ஒட்டும் டேப் வேண்டாம், கேபினெட்டுக்குள் இருக்கும் ஈரப்பதத்தில் அது நாளடைவில் விட்டுவிடும். திருகாணியின் நீளம் பலகையின் தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும். பொதுவாகக் கடையில் கிடைக்கும் போர்டுகளுக்கு நீர்ப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஐபி என்பது தூசு, நீர்ப் பாதுகாப்பைக் காட்டும் குறி. ஐபி 20 என்று போட்டிருந்தால் இரண்டாவது எண்ணான பூஜ்யத்துக்கு அதுதான் பொருள். நீரில் மூழ்கியிருக்கலாம் என்று காட்ட பம்பின் மேல் இருக்கும் ஐபிஎக்ஸ் 8 என்ற குறி பம்புக்கு மட்டுமே, அதன் பிளக்குக்குப் பொருந்தாது.

இனி துளை விஷயம். பிளக் நுழையவில்லை என்பதால்தான் ஒயரை வெட்டும் எண்ணம் வருகிறது. நீரில் மூழ்கும் பம்பில் செப்புச் சுருளை ரெசினுக்குள் ஊற்றி மூடியிருப்பார்கள், ஒயரும் அந்த ரெசினுக்குள்ளேயே புதைந்திருக்கும். வெளியிலிருந்து தண்ணீர் புக வழியே இல்லாத அமைப்பு அது. ஒயரை நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டால் அந்தப் பாதுகாப்பில் நாமே ஒரு வாசல் திறந்துவிடுகிறோம். டேப் எத்தனை சுற்றுச் சுற்றினாலும், ஒட்டு ஈரத்தில் இருந்தால் தண்ணீர் உறைக்குள் புகுந்து செப்பு இழைகளின் இடுக்கு வழியாக வெகுதூரம் ஊர்ந்து போகும். பிளக்குக்கு அருகில், உலர்ந்த இடத்தில் வெட்டிப் புதுப் பிளக் போடுவதில் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனாலும் உத்தரவாதம் போய்விடும். அச்சில் வார்த்த பிளக்கில் இருக்கும் இறுக்கம் கையால் முடுக்கிய பிளக்கில் வராது. ஒரு துளைக்காக இத்தனை விலை கொடுக்க வேண்டியதில்லை.

கணினி மேசைகளில் ஒயர் நுழைவதற்கு 60 மில்லிமீட்டர் வட்டத் துளையும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடியும் வைத்திருப்பார்கள். அதே மூடி இங்கும் போதும், பெரும்பாலான பிளக்குகள் அந்தத் துளையில் நுழைந்துவிடும். எடுத்துக்கொள்வதற்கு முன் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பிளக்கை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். அடாப்டர் உள்ள கருவிகளுக்கு இதுவும் தேவையில்லை. அடாப்டரை உள்ளேயே விட்டுவிட்டு, மறுமுனையில் இருக்கும் மெல்லிய ஜாக்கைச் சிறிய துளை வழியாக வெளியே அனுப்பலாம்.

எங்கே துளையிடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. பின்பலகை மெல்லியதாக இருந்தாலும், அந்தச் சுமைக்குக் கீழே கேபினெட் பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். மூலைகளிலும் மேல் சட்டத்திலும் கை வைக்காதீர்கள். விளிம்புகளிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, வட்டமாக ஒரே ஒரு துளை போடுங்கள். பெரிய செவ்வகமாக வெட்டி எடுப்பது பலகையின் பலத்தைக் குறைத்துவிடும். தொட்டி நிரம்பியிருக்கிறது என்றால் டிரில்லில் மாட்டும் வட்டத் துளை ரம்பத்தை (ஹோல் சா) மெதுவான வேகத்தில், உள்ளிருந்து வெளியே ஓட்டுங்கள். உளி, சுத்தியல் எதுவும் வேண்டாம். பின்னால் குழாயோ வேறு ஒயரோ இல்லை என்று முதலில் கை விட்டுப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் வார்னிஷோ சிலிக்கானோ பூசிய பிறகே மூடியைப் பொருத்துங்கள். எம்.டி.எஃப். பலகை (மர இழைகளை அழுத்திச் செய்தது) வெட்டிய இடத்தில் தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டைதான் என் தேர்வு. பம்பை மாதாமாதம் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் டை போட்டால் ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுக்க வேண்டியிருக்கும், கத்தி என்றாவது ஒயரின் உறையைக் கீறும். அசையாத ஒயர்களான விளக்கின் ஒயரையும் போர்டின் ஒயரையும் ஒரு கட்டாகவும், அடிக்கடி எடுக்கும் பம்ப், ஹீட்டர் ஒயர்களைத் தனித்தனியாகவும் விடுங்கள். ஹீட்டரின் மிச்ச ஒயரை இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாக மடித்து வையுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் எது எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை மட்டும் தேடி நிறுத்த வேண்டியிருக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது நீர்மட்டம் இறங்கி வெளியே தெரிந்தால், அதன் கண்ணாடி வெடித்துவிடலாம்.

அடாப்டர்கள் சூடாகும். அவற்றைக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் மறைக்க வேண்டாம். கேபினெட்டின் பின்பக்கம் மேலே ஒரு காற்று வழி இருந்தால் வெப்பமும் ஈரமும் வெளியேறும். இன்னொன்று, ஒயரோ குழாயோ பலகையில் அழுந்தியிருந்தால் பம்பின் அதிர்வு பலகைக்கு ஏறி, மூடிய கேபினெட் மத்தளமாக முழங்கும். ஒயர்களை மறைத்த பிறகு புதிதாக ஓசை கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்றை. ஆர்.சி.சி.பி. என்று மின்பணியாளரிடம் கேட்டால் தெரியும். சாதாரண எம்.சி.பி. மிகைச் சுமைக்கும் குறுக்குச் சுற்றுக்கும்தான் விழும், மின்கசிவைக் கண்டுகொள்ளாது. பழைய பம்பின் உறை விரிசல் விட்டால் தண்ணீர் முழுவதும் மின்னழுத்தம் ஏறிவிடும். தொட்டி கண்ணாடி, கேபினெட் மரம், இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாதவை. அதனால் கசியும் மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல், மீன்கள் வழக்கம்போல நீந்திக்கொண்டிருக்கும், எதுவும் தெரியாது. அந்த வழியைக் கொடுப்பது நீங்கள் உள்ளே விடும் கைதான். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டியதும், சில நாடுகளில் 5 மில்லி ஆம்பியரிலேயே, இந்தக் கருவி கண நேரத்தில் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அது இருந்தாலும், கை விடும் முன் தொட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவர் சாக்கெட்டிலிருந்து வீட்டு ஒயரிங்கை மாற்றும் வேலையை மட்டும் மின்பணியாளரிடமே விடுங்கள்.

வேலை தொடங்கும்போது முதலில் ஹீட்டரை நிறுத்தி, நீருக்குள்ளேயே ஆற விடுங்கள். கேனிஸ்டர் ஓட்டமின்றி நெடுநேரம் மூடிக் கிடந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். வேலை இழுக்கும் என்று தோன்றினால் மூடியைத் திறந்து, ஃபில்டர் பஞ்சு நனைந்தபடி காற்றுப் படுமாறு வையுங்கள். காற்று பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க இடமில்லையென்றால், கேபினெட்டுக்குள் அது இருக்கும்வரை குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். பம்ப் பக்கம் வாயை வைத்து ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் போகக் கூடாது. மாட்டிய பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குழாயில் தண்ணீர் இறங்கி வருகிறதா என்று சில நிமிடம் கவனியுங்கள். வளைவுகளுக்குக் கீழே காகிதம் விரித்து ஓர் இரவு விட்டால், எந்த ஒயர் சொட்டுகிறது என்பது காலையில் தெரிந்துவிடும்.

பின்னாளில் சம்ப் (கேபினெட்டுக்குள் வைக்கும் இரண்டாவது, வடிகட்டும் தொட்டி) வைக்கும் எண்ணம் இருந்தால் போர்டை இப்போதே இன்னும் உயரத்தில் மாட்டுங்கள். மின்சாரம் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் சம்புக்கு இறங்கும். அந்த மட்டத்தை அடையாளமிட்டு, அதற்குக் கீழே எந்த இணைப்பும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல்நீர்த் தொட்டியானால் பிளக்குகளுக்குத் தனி அறையே ஒதுக்கிவிடுங்கள். உப்பு ஒயர் வழியாக வெள்ளைப் படலமாக ஊர்ந்து ஏறும், காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்தும். ஈரத்துணியால் மாதம் ஒருமுறை அதைத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும், அதுவும் பிளக்கைக் கழற்றிய பிறகு.