சாவி உறை வாங்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இணையத்தில் ஒருவர் லுயி வுய்ட்டோன் (Louis Vuitton) மோனோகிராம் சாவி உறையை, அதாவது எல்வி எழுத்துக்கோலம் போட்டதை, ஆறு கொக்கி வைத்தது, 600 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்கிறார். "முழுக்க அசல் தோல், உள்ளே சிடி (CT) 0094 என்று இருக்கிறது, அதாவது 2009இல் செய்தது, இந்த எண்ணே சாட்சி" என்கிறார். நம்பி வாங்கலாமா?
– செந்தூல் வாசகி

பதில்: அவர் சொன்ன மூன்றுமே சரியில்லை. மோனோகிராமின் வெளிப்பக்கம் தோல் அல்ல, வினைல் பூச்சு ஏற்றிய பருத்திக் கேன்வாஸ். தோல் உள்ளேதான். அடுத்து, உள்ளே குத்தியிருக்கும் தயாரிப்புத் தேதி எண். 1990 முதல் 2006 வரை முதல், மூன்றாம் இலக்கங்கள் மாதம்; இரண்டாவதும் நான்காவதும் ஆண்டு. ஆக 0094 என்றால் 2004 செப்டம்பர். 2007 முதல் மாதத்துக்குப் பதில் வாரம்: 4152 என்றால் 2012இன் 45ஆவது வாரம். 2021 மார்ச் முதல் எண்ணை விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கிறார்கள். 2006 வரையிலான முறையில் கணக்கிட்டால் 17ஆம் மாதம் வருகிற எண்ணைக் கண்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் எண் ஒழுங்காக இருப்பதால் மட்டும் பொருள் அசலாகிவிடாது. கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்ட்ரீட் சந்தையில் தொங்கும் நகலிலும் எண் குத்தியிருப்பார்கள். அசலிலோ சாவி உரசி உரசி எண் அழிந்தே போயிருக்கலாம். உள்ளே பதித்த பெயர் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 'ஓ' எழுத்து நல்ல வட்டமாக, 'எல்'லின் அடிக்கோடு குட்டையாக, இரண்டு 'டி'யும் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். லுயி வுய்ட்டோன் கடைக்கு எடுத்துப் போனாலும் அசலா நகலா என்று அவர்கள் சொல்லித் தருவதில்லை.

என்னைக் கேட்டால் எண்ணைவிட மடிப்புக்குத்தான் விலை. உறையை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மடிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். பூச்சு இறுகித்தான் வெடிக்கிறது. தோலுக்குப் போடும் கிரீம் அதில் இறங்காது. சாயம் தடவி மறைத்தாலும் நாலு நாள் திறந்து மூடினால் மறுபடி பிளக்கும்.

நேரில் வாங்கப் போகும்போது வீட்டில் இருப்பதிலேயே கனமான கிரில் பூட்டுச் சாவியைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டி, உறையை மூடி, கவிழ்த்து உதறுங்கள். கொக்கியின் நாக்கு தானாகத் திரும்பி வந்து மூட வேண்டும். பட்டன் 'டப்'பென்று விழ வேண்டும். பட்டன் தளர்ந்திருந்தால் தோல் வேலை தெரிந்தவர் மாற்றித் தருவார். கொக்கித் தகடு ஆடினால் உறையையே பிரிக்க வேண்டிவரும், விட்டுவிடுங்கள்.

முன்பணம் கேட்டால், அவருடைய வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீஸின் 'செமாக் மியூல்' (Semak Mule) தளத்தில் தட்டிப் பாருங்கள். விற்பவர் வியாபாரியாக இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம் (50,000 வெள்ளி வரை). தன் சொந்தப் பொருளை விற்கிற தனி ஆளிடம் அந்த வழி செல்லாது.

கேள்வி: பழைய உறை ஒன்றின் உள்பக்கம் பிசுபிசுக்கிறது. பவுடர் போட்டால் சரியாகுமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: இரண்டு நாளைக்கு. அது அழுக்கில்லை. உள்துணியின் பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) பூச்சு காற்றின் ஈரத்தால் சிதைந்து உருகுகிறது. நம்ம ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை தொடங்கினால் நிற்காது, உள்துணியை மாற்றுவதுதான் வழி. வெறும் பூஞ்சை என்றால் கதை வேறு: வாசலுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள்.

கேள்வி: மைவி காரின் ஸ்மார்ட் சாவி உள்ளே போகுமா?
– பூச்சோங் வாசகர்

பதில்: போகாது. திணித்தால் பட்டன்தான் முதலில் பிய்யும்.