குரோஷாவில் பின்னிய நகைத் தட்டு துவளாமல் நிற்க என்ன செய்யலாம்?

அக்ரிலிக் நூலில், 4 மில்லிமீட்டர் கொக்கி ஊசி போட்டு, பூ டிசைனில் தோடு, மோதிரம் வைக்க ஒரு சின்னத் தட்டு பின்னினீர்கள், கஞ்சி போட்டும் ஓரம் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நூலை மாற்றுங்கள். அக்ரிலிக் தண்ணீரைக் குடிக்காது, கஞ்சியும் உள்ளே இறங்காது, மேலே பொருக்கு மாதிரி காய்ந்து உதிர்ந்துவிடும். பருத்தி நூல்தான் இதற்குச் சரி.

டிசைனையும் மாற்றச் சொல்வேன். நான் முதலில் பின்னியதும் ஓட்டை ஓட்டையாக, பார்க்க அழகான ஒன்றுதான். என் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தோட்டைக் கழற்றி அதில் வைத்தார், காலையில் பார்த்தால் தோடு இருக்கிறது, ஒரு திருகாணியைக் காணோம். ஓட்டை வழியாக இறங்கி, அலமாரிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்து, விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, என்ற திருகாணி நிக்கோணுமல்ல" என்றார். அன்றிலிருந்து நகைத் தட்டு என்றால் எனக்கு சிங்கிள் குரோஷே என்கிற நெருக்கமான குட்டைப் பின்னல் மட்டும்தான். (பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகம் வைத்திருந்தால் அதில் டபுள் குரோஷே என்று போட்டிருப்பதும் இதுதான், குழம்ப வேண்டாம்.)

மெல்லிய பருத்தி நூலை இரட்டை இழையாக எடுத்துக்கொண்டு 2.5 மில்லிமீட்டர் ஊசியில் இறுக்கிப் பின்னுங்கள். விரல் கொஞ்சம் வலிக்கும்தான், ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஓட்டை தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. மேஜிக் ரிங்கில் (நுனியை இழுத்தால் இறுகிக்கொள்ளும் தொடக்க நூல் வளையம்) 6 பின்னல், அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக 12, அப்புறம் 18, 24 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது சுற்றில் 48 வரும். கூட்டுவது குறைந்தால் தட்டு குழிந்துகொள்ளும், அதிகமானால் ஓரம் அலை அலையாக நெளியும். கூட்டும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் போய் அறுகோணம் ஆகிவிடும், அதனால் இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

ஓரம் நிற்பது முழுக்க ஒன்பதாவது சுற்றில்தான் இருக்கிறது. பின்னலின் தலையைக் கிட்டத்தில் பாருங்கள், சடை மாதிரி இரண்டு இழை தெரியும். உங்கள் பக்கம் இருக்கும் இழையை விட்டுவிட்டு அந்தப்பக்க இழையில் மட்டும் ஊசியை விட்டு, எதையும் கூட்டாமல் ஒரு சுற்று வாருங்கள். விட்ட இழைகள் வரிசையாக ஒரு கோடு போல நிற்கும், தட்டு அந்தக் கோட்டில் மடிந்து சுவர் மேலே எழும்பும். அப்புறம் வழக்கம்போல இரண்டு இழையிலும் சேர்த்து, 48 மாறாமல், இன்னும் மூன்று சுற்று. போதும். நடுவில் தொங்கும் நூல் நுனியைத் தையல் ஊசியில் கோத்து முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள், இல்லையென்றால் நாளாக ஆக நடு வளையம் விரிந்துவிடும், திருகாணிக்கு அந்த ஓட்டையே போதும்.

இப்படிப் பின்னினால் கஞ்சியே தேவைப்படாது. இன்னும் விறைப்பாக வேண்டும் என்றால் போடலாம். அமுச்சி சென்னிமலைக்காரர், தறிப் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை. சூடு ஆறாத கெட்டிக் கஞ்சியில் முக்கி, நன்றாகப் பிழிந்து, பாலிதீன் சுற்றிக் கவிழ்த்த சில்வர் கிண்ணத்தின்மேல் இழுத்துவிட்டு, நிழலில் ஒரு நாள் காயவிடச் சொன்னார், கச்சிதமாக நின்றது. ஆனால் அடைமழைக் காலத்தில் கஞ்சி ஈரம் வாங்கித் தளர்ந்துவிடுகிறது. சர்க்கரைப் பாகு போடச் சொல்பவர்கள் உண்டு, எங்கள் வீட்டில் எறும்பு விடாது. ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவினால் நிறம் தெரியாமல் காய்ந்து மழைக்கும் நிற்கும், ஆனால் அப்புறம் ஊறவைத்துத் துவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். எதைப் போட்டாலும் முழுக்கக் காய்வதற்குள் நகையை வைத்துவிடாதீர்கள்.

வளையலும் வைக்க வேண்டும் என்றால் இந்த அளவு பத்தாது. நான் இருப்பது திருப்பூர்ப் பக்கம், இங்கே பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும், நீங்கள் பழைய டீசர்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். அகலவாக்கில் ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறு ஆகிவிடும். 8 அல்லது 9 மில்லிமீட்டர் ஊசியில் அதே கணக்கில் நாலைந்து சுற்று போதும், கஞ்சி இல்லாமலே கட்டியாக நிற்கும். திருகாணியை மட்டும் அதில் வைக்க வேண்டாம்.