ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது எத்தனை ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு)? 38, 36, 32 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எது சரி?

பள்ளிப் புத்தகத்தில் ஒன்று, பயிற்சி மைய நோட்ஸில் ஒன்று, வீடியோவில் இன்னொன்று என்று பார்த்துக் குழம்பி, தேர்வு நெருக்கத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்கைப் போடுங்கள்.

சர்ச்சையே இல்லாத பகுதி முதலில். நேரடியாக உருவாகும் ஏடிபி 4 மட்டுமே. கிளைக்கோலைசிஸில் (குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும் முதல் கட்டம்) 4 உருவாகி, தொடக்கத்தில் செலவான 2 போக மிச்சம் 2. பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் 2 (ஏடிபியை ஒத்த ஜிடிபியாக வந்தாலும் மதிப்பு அதேதான்). மீதி ஆற்றல், என்ஏடிஹெச், எஃப்ஏடிஹெச்2 என்ற இரண்டு வகைக் கடத்தி மூலக்கூறுகள் சுமக்கும் எலக்ட்ரான்களில் இருக்கிறது. என்ஏடிஹெச் மொத்தம் 10: கிளைக்கோலைசிஸில் 2, பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகும்போது 2, கிரெப்ஸில் 6. எஃப்ஏடிஹெச்2 மூலக்கூறுகள் 2.

பழைய கணக்கு என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று முழு எண்ணாகவே வைத்தது. 30+4+4 = 38. ஆனால் இந்த எலக்ட்ரான்களை வாங்கிக் கைமாற்றும் புரதத் தொடரான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி ஏடிபியை நேரடியாகச் செய்வதில்லை. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னது இதைத்தான் (1978-இல் நோபல்): சங்கிலி புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது, அவை உள்ளே திரும்பும் வேகத்தில் ஏடிபியைச் செய்யும் நொதியான ஏடிபி சின்தேஸ் சுழல்கிறது, அணைத்தண்ணீர் டர்பைனைச் சுற்றுவதுபோல.

அப்படியானால் எண்ண வேண்டியது புரோட்டான்களை. ஒரு என்ஏடிஹெச்சின் இரண்டு எலக்ட்ரான்கள் போகும் வழியில் சங்கிலியின் முதல் புரதக் கூட்டமைப்பு 4, மூன்றாவது 4, நான்காவது 2, ஆக 10 புரோட்டான்களைத் தள்ளுகின்றன. எஃப்ஏடிஹெச்2 முதல் கூட்டமைப்பைத் தொடாது. அதனால் 6 தான். ஒரு ஏடிபிக்குச் செலவு ஏறத்தாழ 4: சின்தேஸைச் சுழற்ற 3, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவந்து ஏடிபியை வெளியே அனுப்ப 1. இந்தக் கடைசி 1-ஐத்தான் பலரும் மறக்கிறார்கள். 10/4 = 2.5; 6/4 = 1.5. எனவே 25+3+4 = 32.

சிலர் 30 என்றும் சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது? கிளைக்கோலைசிஸின் 2 என்ஏடிஹெச் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது, உட்சவ்வைக் கடக்க முடியாது. எலக்ட்ரான்களை மட்டும் கைமாற்ற வேண்டும். கல்லீரல், இதயத்தில் மாலேட்-அஸ்பார்ட்டேட் வழி; இழப்பில்லை. கிளிசரால் பாஸ்பேட் வழியில் போனால் எஃப்ஏடிஹெச்2 விலைதான் கிடைக்கும், இரண்டு குறையும். பழைய 38 சில புத்தகங்களில் 36 ஆவதும் இதனால்தான்.

'4 என்பதே தோராயம், சின்தேஸின் சுழலும் சி-வளையத்தில் துணை அலகுகள் மாட்டில் 8, ஈஸ்ட்டில் 10, சவ்வில் புரோட்டான் கசிவு வேறு' என்று யாராவது திருத்த வருவார்கள். உண்மைதான். 32-உம் உச்சவரம்புதான், உயிருள்ள செல்லில் இன்னும் குறையும். பதினொன்றாம் வகுப்புக்கு இது போதும்.

  

தேர்வில் உங்கள் பாடநூல் எண்ணையே எழுதுங்கள், விடைத்தாள் திருத்துபவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். விரிவான விடையென்றால் எந்த மதிப்பை, எந்த வழியை எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ரத்தச் சிவப்பணு என்று கேள்வியில் இருந்தால் மட்டும் விடை 2. அதில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, பைருவேட் லாக்டேட்டாகிவிடும்.