அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு நாள் போதுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “நவம்பர் கடைசியில், அறுபது வயதைக் கடந்த பெற்றோருடன் எகிப்து செல்கிறோம். கெய்ரோவில் தங்கிக்கொண்டு அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு நாள் போய்வந்தால் போதும் என்கிறார் பயண முகவர். உலக அதிசயமான கலங்கரை விளக்கமும் பழைய பெருநூலகமும் இருந்த ஊர் என்பதால் அப்பா மிகுந்த ஆவலோடு இருக்கிறார். அங்கே எதை எதிர்பார்க்கலாம்? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?”

முகவர் சொல்வதை ஏற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. கெய்ரோவிலிருந்து அலெக்சாண்டிரியா ஏறத்தாழ 220 கிலோமீட்டர். விரைவு ரயிலில் போவதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரமும், திரும்புவதற்கு அதே அளவும் ஆகும். நவம்பர் கடைசியில் மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால், ஒரு நாள் பயணத்தில் மிஞ்சுவது நான்கைந்து மணி நேரப் பகல் வெளிச்சம்தான். அதிலும் ஒரு பகுதி சாலை நெரிசலில் கரைந்துவிடும். வயதானவர்களை அப்படி விரட்டிச் சுற்றிக்காட்டுவதைவிடப் போகாமல் இருப்பதே மேல். இரண்டு இரவுகள் தங்குங்கள்.

உங்கள் தந்தையாரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கலங்கரை விளக்கமும் இல்லை, அந்தப் பழைய நூலகமும் இல்லை. நூலகம் நின்ற இடம்கூட உறுதியாகத் தெரியாது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் நிறுவிய இந்நகரம் தெற்கு எகிப்தின் பழைய நகரமான லக்சரைப் போல மணலுக்குள் ஒதுங்கிக் கிடக்கவில்லை. மக்கள் அதே நிலத்தில் திரும்பத் திரும்பக் கட்டிக் குடியிருந்ததால், பழைய நகரம் இன்றைய தெருக்களுக்கு அடியில் போய்விட்டது. நிலம் தாழ்ந்ததாலும் நிலநடுக்கங்களாலும் அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் அரண்மனைப் பகுதி கிழக்குத் துறைமுகத்தின் நீருக்கடியில் மூழ்கிவிட்டது. கலங்கரை விளக்கம் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட நிலநடுக்கங்களில் சிதைந்தது. அது நின்ற இடத்தில்தான் 1477இல் மம்லூக் சுல்தான் கைத்பே கோட்டை கட்டினார், விளக்கத்தின் கற்களில் சிலவற்றையும் அதற்குப் பயன்படுத்திக்கொண்டார். ஆகவே கோட்டைக்குப் போகும்போது, சுமார் 1,600 ஆண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டிய இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணத்தோடு போக வேண்டும். அந்த எண்ணம் இல்லாவிட்டால் அது கடற்காற்று நன்றாக வீசும் ஒரு கோட்டை, அவ்வளவுதான்.

பழைய நகரம் உண்மையிலேயே கண்ணுக்குக் கிடைக்கும் இடம், ஊரின் தென்மேற்கில் உள்ள கோம் எல் ஷுகாஃபா என்ற நிலத்தடிக் கல்லறை வளாகம். 1900இல் ஒரு கழுதை பள்ளத்தில் விழுந்ததால் இது வெளிப்பட்டது என்று சொல்லப்படுகிறது. பாறையைக் குடைந்து, நடுவில் வட்டக் கிணறு போன்ற துளையும் அதைச் சுற்றிச் சுழன்று இறங்கும் படிக்கட்டும் அமைத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் உடல்களை அந்த நடுத்துளை வழியாகக் கயிற்றில் இறக்கினார்கள். உள்ளே, இறந்தோர் நினைவாக உறவினர் கூடி விருந்துண்ட அறையும் இருக்கிறது. முதன்மைக் கல்லறையின் வாயிலில் நரித்தலை கொண்ட எகிப்தியத் தெய்வமான அனுபிஸ், ரோமானியப் போர்வீரனின் உடையில் நிற்கிறார். எகிப்திய நம்பிக்கையும் கிரேக்கச் சிற்பமுறையும் ரோமானிய அதிகாரமும் ஒரே குடும்பத்தின் கல்லறையில் இப்படிக் கலந்திருப்பதை எகிப்தின் மற்ற ஊர்களில் எளிதில் பார்க்க முடியாது. கிட்டத்தட்ட நூறு படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர் யாரேனும் இருந்தால் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். நடக்கும் தூரத்திலேயே பாம்ப்பே தூண் என்று அழைக்கப்படும் செந்நிறக் கருங்கல் தூண் நிற்கிறது. அது ரோமானியத் தளபதி பாம்ப்பேயுடையது அல்ல, ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனைப் போற்றி நிறுத்தப்பட்டது. அரை மணி நேரம் போதும்.

2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தைப் பழையதற்கு ஈடாக நினைத்துப் போகாதீர்கள். அதன் கட்டடக்கலைக்காகவே போகலாம். கடலை நோக்கிச் சாய்ந்த 160 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூரையும், படிப்படியாக இறங்கும் வாசிப்புக் கூடமும், உலகின் பல எழுத்து முறைகளைச் செதுக்கிய அஸ்வான் கல் சுவரும் உங்கள் தந்தையாரை ஏமாற்றாது. வெள்ளி, சனிக்கிழமைகளில் திறக்கும் நேரம் மாறுபடும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழருக்கு இந்த ஊரோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றப்பட்ட சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் நைல் நதிக்குச் சென்று, படகில் அலெக்சாண்டிரியாவை அடைந்தது. அங்கே நான்கில் ஒரு பங்கு சுங்கமாக வசூலிக்கப்பட்டது. இந்த முசிறி வணிகத்துக்காகச் செய்துகொள்ளப்பட்ட, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட நிலையில் இன்று வியன்னாவில் இருக்கிறது. அலெக்சாண்டிரியாவில் அதைத் தேட வேண்டாம்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்னிஷ் எனப்படும் கடற்கரைச் சாலை ஊரின் நீளத்துக்கும் ஓடுகிறது; மாலையில் ஊரே அங்கேதான் காற்று வாங்கும். ஆனால் வாகனங்கள் நிற்பதில்லை. சுரங்கப்பாதை உள்ள இடமாகப் பார்த்துக் கடந்து செல்லுங்கள். குளிக்கும் கடற்கரை என்று எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் கெய்ரோவாசிகளால் நிரம்பி வழியும் கடற்கரை, நீங்கள் போகும் பருவத்தில் காற்றுக்கும் அலைக்கும் உரியது. நவ்வா என்று உள்ளூரார் அழைக்கும் குளிர்காலப் புயல்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் ஏறத்தாழ வரும் நாட்களும்கூட உண்டு. நவம்பரில் அவை தொடங்கிவிடுவதால் மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் கட்டாயம் வேண்டும்.

சைவ உணவு பெரிய சிக்கல் அல்ல. ஃபாவா என்னும் அவரை வகைப் பயறை வேகவைத்துச் செய்யும் ஃபூல், அதே பயறை அரைத்துப் பொரிக்கும் ஃபலாஃபெல், சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கொஷரி ஆகியவை தெருவுக்குத் தெரு கிடைக்கும். கீரைக் குழம்பாகத் தோன்றும் முலூக்கியா பெரும்பாலும் கோழி அல்லது இறைச்சிச் சாற்றில் சமைக்கப்படுவது, அதைத் தவிருங்கள். “இறைச்சி வேண்டாம்” என்றால் மீனோ கோழியோ வரக்கூடும். அதற்குப் பதிலாக “ஸியாமி” என்று கேளுங்கள். எகிப்தின் பழமையான கிறிஸ்தவப் பிரிவினரான காப்டிக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் உண்ணும், விலங்குப் பொருள் சேராத உணவுக்கு அங்கு வழங்கும் சொல் அது; நவம்பர் கடைசியில் அவர்களுடைய நீண்ட நோன்பும் தொடங்கிவிடுவதால் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். அந்த நோன்பில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால், மீன் வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உள்ளூர்ப் போக்குவரத்துக்குக் கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள், அல்லது செயலி வழி வண்டி அழையுங்கள். புகழ்பெற்ற ரம்ல் டிராம் தடத்தில் சீரமைப்புப் பணி நடப்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். தொல்லியல் இடங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்தை வங்கி அட்டையில்தான் வாங்குகிறார்கள். சில்லறை நோட்டுகள் அன்பளிப்புக்கும் கழிப்பறைக்கும் தேவைப்படும்.

முதல் நாள் நண்பகலில் வந்து சேர்ந்தால் கோட்டையும் கோர்னிஷும், மறுநாள் காலை கல்லறை வளாகமும் தூணும், பிற்பகல் நூலகமும் பார்க்கலாம். 2023இல் மீண்டும் திறக்கப்பட்ட கிரேக்க ரோமானிய அருங்காட்சியகத்தையும், ரோமானிய அரங்கு உள்ள கோம் எல் டிக்காவையும் மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரங்கு மிஸ்ர் ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால், பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு வராமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டு வந்தால், அங்கிருந்து நேரே கெய்ரோ ரயிலில் ஏறிவிடலாம்.